அப்பாவுக்கு மூஸ் டேக் கிடைத்திருக்கிறது, காட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் வசிக்கும் 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 67. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கு ஒன்ராறியோவில் ஒரு காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலைச் சிநேகிதர்கள் பழக்கிவிட்டதுதான், மான் இனத்திலேயே மிகப் பெரிய மிருகமான மூஸின் வேட்டை. மகளும் 19 வயதிலிருந்து கூடவே போகிறார். அவருக்கென்று தனி லைசன்ஸ், தனி ரைபிள் உண்டு. "வீட்டில் வாயே திறக்காத மனிசன் காட்டில் இரவிரவாகக் கதைப்பார். அப்பாவை எனக்குத் தெரிய வந்தது அங்கேதான்" என்று எழுதுகிறார்.

சென்ற ஆண்டு மே மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து பிடிக்கும் சிறு வலைக்குழாய்களான ஸ்டென்ட் இரண்டு வைத்தார்கள். நெடுநாளாகச் சீனி வருத்தமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருதய மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது சில நாள் போய்விட்டு நிறுத்திவிட்டார். அதே ஒக்டோபரில் சிநேகிதர் குழுவோடு "சும்மா இருந்து பார்க்கிறேன்" என்று போனவர், பொழுதுபடும் நேரத்தில், விழுந்து கிடந்த மரமொன்றின் வேர்க்கட்டையை மூஸ் என்று நினைத்துத் துவக்கைத் தூக்கிவிட்டார். மகள்தான் குழலைப் பிடித்துத் தாழ்த்தியிருக்கிறார். இது அவர்கள் இருவரையும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

டேக் என்பது ஒரு மூஸைச் சுட அரசு தரும் அனுமதிச் சீட்டு. விண்ணப்பித்துக் கிடைக்காத வருடங்களுக்குப் புள்ளி சேரும். அப்படிப் பல வருடம் புள்ளி சேர்த்த பிறகு இந்த வருடம் அப்பாவின் பெயருக்கு ஆண் மூஸ் டேக் கிடைத்திருக்கிறது. டேக்கை எடுத்துக்கொண்டதும் சேர்த்த புள்ளிகள் பூச்சியமாகிவிட்டன. "இனி எனக்கு இன்னொன்று வராது" என்கிறார் அப்பா. "போனால் ஆளாகத் திரும்பி வரமாட்டார்" என்று அம்மா அழுகிறார். தம்பியோ, "ஸ்டென்ட் வைத்தாச்சு, இனி என்ன பயம்?" என்கிறார். அப்பா கடைசியாகச் சொன்னது: "காட்டிலேயே போனாலும் எனக்குச் சந்தோசம்தான்." இப்போது வீட்டில் ஒருவரோடொருவர் அதிகம் கதைப்பதில்லை.

வாசகி முக்கியமாகக் கேட்பது மூன்று கேள்விகள். அப்பாவைக் கூட்டிப் போகலாமா? அவருக்குத் தெரியாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, வேட்டைக்குப் போகக்கூடாது என்று ஒரு கடிதம் வாங்கலாமா? அவர் வீட்டில் நின்றால் அவருடைய டேக்கோடு தான் சிநேகிதர்களுடன் போக முடியுமா? இவற்றோடு, தனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசிக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரி,

வடக்கில் சில காலம் குடும்ப வைத்தியராக வேலை செய்தவன் என்ற முறையில், உங்கள் அப்பாவைப் போன்ற மனிதர்களை எனக்குத் தெரியும். செப்டெம்பர் பிறந்தால் அவர்கள் இரத்த அழுத்தத்தைக்கூடக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள், ஒக்டோபரில் காட்டுக்குப் போவதற்காக. இந்த ஆசையைச் சின்னதாக நினைத்து நான் எதையும் எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு ஆபத்துகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம். அப்பாவின் இருதயத்தால் வரக்கூடிய ஆபத்து அப்பாவுக்குத்தான். அவர் புத்தி தெளிவாக உள்ள மனிதர். உண்மையெல்லாம் கேட்டு விளங்கிக்கொண்ட பிறகு அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது. அம்மாவுக்கோ உங்களுக்கோ எனக்கோ அந்த உரிமை இல்லை. ஆனால் அப்பாவின் கண்ணும் துவக்கும் சேர்ந்து உண்டாக்கும் ஆபத்து உங்களுக்கும், சிநேகிதர்களுக்கும், அந்தப் பக்கம் வரும் முகம் தெரியாத ஒருவருக்கும் உரியது. அதை அவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. வீட்டில் எல்லோரும் இருதயத்தைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது அந்த வேர்க்கட்டைதான்.

கண் பார்த்து முடியும் வரை துவக்கு வேண்டாம்

விழுந்த மரத்தின் வேர்க்கட்டை பொழுதுபடும் நேரத்தில் மூஸ் போலத் தெரிவது புதிதல்ல. நல்ல கண் உள்ளவர்களுக்கும் அப்படித் தோன்றும். ஆனால் அனுபவமுள்ள வேட்டைக்காரர் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிற்பார், பைனாகுலரை எடுப்பார். உங்கள் அப்பா நேரே துவக்கைத் தூக்கியிருக்கிறார். இத்தனை வருடம் செய்யாத ஒன்றை இப்போது செய்கிறார் என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

67 வயது, நெடுநாள் சீனி வருத்தம். இந்த இரண்டையும் கேட்டவுடன் எனக்கு முதலில் தோன்றுவது கண்புரையும், சீனியால் விழித்திரையில் வரும் பாதிப்பும். கண்புரை மெல்ல மெல்ல வருவதால் வந்திருப்பதே ஆளுக்குத் தெரியாது. பகலில் பேப்பர் வாசிப்பார், கார் ஓட்டுவார். மங்கல் வெளிச்சத்தில்தான் குறை தெரியும். மண்ணிறம், கறுப்பு, கரும்பச்சை எல்லாம் ஒரே நிழலாகிவிடும். தாழ்ந்த சூரியன் எதிரே இருந்தால் கூச்சம் வேறு. மூஸ் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான்.

ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் கண் பரிசோதனைக்கு ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, பணம் கட்டும். கண்புரை அறுவைக்கும், கண்ணுக்குள் வழக்கமான வில்லை வைப்பதென்றால், ஓஹிப் கட்டும். ஆகவே இந்தக் கிழமையே கண் பரிசோதிக்கும் ஒரு ஒப்டோமெட்ரிஸ்டிடம் நேரம் எடுங்கள். சீனி வருத்தம் இருப்பதைச் சொல்லி, கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனையாகக் கேளுங்கள். அறுவை தேவை என்று சொன்னால் காத்திருக்க வேண்டிவரும். அது முடிந்தாலும் பாரம் தூக்கவும், தோளில் உதைக்கும் ரைபிளைச் சுடவும் கண் மருத்துவர் அனுமதிக்கும் வரை பொறுக்க வேண்டும். எனவே இந்த ஒக்டோபரில் அப்பா சுடுவது அநேகமாக நடக்காது. கண் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனை சொன்னாலும், அந்த மாலை நடந்தது ஏன் என்று அவரோடு கதைத்து ஒரு தெளிவுக்கு வரும்வரை என் பதில் மாறாது.

"டொக்டரிடம் போனால் துவக்கு லைசன்ஸைப் பறித்துவிடுவார்கள்" என்று அப்பா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். இது பலரைக் கண் பரிசோதனைக்கே போகவிடாமல் தடுக்கும் பயம். கண்புரை இருக்கிறது என்பதற்காகத் துவக்கு லைசன்ஸ் பற்றி வைத்தியர் அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் ஒன்ராறியோவில் இல்லை. கட்டாயமாக அறிவிக்க வேண்டியது வாகனம் ஓட்டுவது பற்றித்தான். கண்ணாடி போட்டும், இரண்டு கண்ணும் திறந்திருந்தும் பார்வை 20/50-க்குக் கீழே போனால், அதாவது நல்ல கண்ணுக்கு 50 அடியில் தெரிவது 20 அடியிலும் தெரியாவிட்டால், போக்குவரத்து அமைச்சுக்குச் சொல்லியாக வேண்டும். இதை அவருக்கு மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்புரையால் போன பார்வை பெரும்பாலும் அறுவைக்குப் பிறகு திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. நீங்களும் லைசன்ஸ் எடுத்த வேட்டைக்காரி. துவக்கைக் கவனமில்லாமல் கையாளுவது இந்த மாகாணத்தின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒருவருடைய கண் சரியில்லை என்று தெரிந்துகொண்டே அவர் துவக்கோடு நிற்கும் குழுவில் நீங்கள் நிற்கத் தேவையில்லை. "அப்பா, நீங்கள் துவக்கு எடுத்தால் நான் வரமாட்டேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. அந்த மாலையில் குழலைத் தாழ்த்திய கைக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு.

ஸ்டென்ட் வைத்தால் எல்லாம் சரியா?

தம்பியும் அம்மாவும் எதிரெதிர்ப் பக்கம் நின்றாலும் இருவருடைய நினைப்பிலும் பிழை இருக்கிறது. ஸ்டென்ட் அடைபட்ட இடத்தைத் திறந்து பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நோய் இரத்தக் குழாய் முழுவதிலும் இருக்கிறது, குளிசைகளும் நடையும் சாப்பாடும்தான் அதைக் கட்டுப்படுத்துகின்றன. அதே நேரம், மாரடைப்பு வந்தவர் இனிக் கதிரையில் இருக்க வேண்டியவர் என்பதும் சரியல்ல. மாரடைப்பு வந்து ஒரு வருடம் தாண்டி, நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ இல்லாமல், இருதயத்தின் பம்பு நன்றாக வேலை செய்கிறது என்று எக்கோ என்ற இருதய ஸ்கானில் தெரிந்தால், அவர் மெதுவாக நடந்து காட்டுக்குள் போவதில் எனக்கு மறுப்பு இல்லை.

வேட்டையில் இருதயத்துக்கு மிகக் கடினமான நேரம் மூஸ் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வளர்ந்த ஆண் மூஸ் ஏறக்குறைய 500 கிலோ இருக்கும். ஒரு பின்னந்தொடையே 40, 50 கிலோ வரும். இறைச்சி பழுதாகாமல் இருக்க வேண்டும் என்றால் சூடு இறங்குவதற்குள் தோலை எடுத்து, துண்டாக்கி, வாகனம் நிற்கும் இடம் வரை சேற்றிலும் கிடைமரங்களின் மேலாகவும் கொண்டுவர வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்போது இன்னும் ஏறும். போதாததற்கு, மிருகத்தை வீழ்த்திய பரவசத்தில் யாருக்கும் களைப்புத் தெரியாது.

மிச்சிகனில் நடந்து 2007-ல் வெளியான சிறிய ஆய்வொன்றை நான் நோயாளிகளுக்கு அடிக்கடி சொல்வேன். 25 மான் வேட்டைக்காரர்கள், அவர்களில் பெரும்பாலானோர் இருதய நோய் உள்ளவர்கள். முதலில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு வேட்டையின்போது இருதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். 10 பேருக்குக் காட்டில் துடிப்பு, ட்ரெட்மில்லில் எட்டிய உச்சத்தையும் தாண்டிப் போனது. மான் எங்கே, மூஸ் எங்கே! ஆகவே ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்ற அந்த ட்ரெட்மில் பரிசோதனை நல்லபடி வந்தாலும் அது அப்பா மூஸ் தொடையைச் சுமப்பதற்கான அனுமதியாகாது.

சீனி வருத்தத்தால் இன்னொரு சிக்கல். நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோவில்லாமலே வரலாம். மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, தாடையிலோ தோளிலோ ஒரு பாரம், காரணமில்லாத ஓங்காளம் போன்றவைதான் அறிகுறிகளாக இருக்கும். "எனக்கு நெஞ்சு நோகவில்லை" என்று அப்பா சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மறைத்துக் கடிதம் வாங்குவது பற்றி

குடும்ப வைத்தியரிடம் நீங்கள் தகவல் சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அவர் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் சம்மதம் இல்லாமல் அவருடைய உடல்நிலை பற்றி உங்களிடம் எதுவும் சொல்ல முடியாது. மகள் கேட்டாள் என்பதற்காகத் தடைக் கடிதம் எழுதுவதும் முறையல்ல. எழுதினால் என்ன நடக்கும்? அப்பாவுக்கு ஒருநாள் விசயம் தெரியவரும். அதற்குப் பிறகு அவர் வைத்தியரிடம் ஒரு நோவையும் சொல்லமாட்டார். மாரடைப்பு வந்தவருக்கு அதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

லீவு இல்லை என்ற பொய்யும் அப்படித்தான். நீங்கள் வராவிட்டால் அவர் ஆலைச் சிநேகிதர்களோடு போவார். வேர்க்கட்டைக் கதை தெரியாத, ஸ்டென்ட் பற்றி அரைகுறையாகத் தெரிந்த ஆட்களோடு. அது நீங்கள் கூட இருப்பதைவிட மோசம்.

நேரே கதையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், அம்மா அழத் தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். காரில் எங்காவது போகும்போது, அல்லது நடக்கும்போது கதையுங்கள். முதலில் வேர்க்கட்டையைச் சொல்லுங்கள். "அண்டைக்கு நான் பயந்துபோனேன் அப்பா. ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் ஏலவில்லை." அவரும் அதை மறந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மகளுக்கு முன்னால் வந்த வெட்கத்தில்தான் அவர் இந்த டேக்கை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு மூன்று பேருமாகக் குடும்ப வைத்தியரிடம் போங்கள். அம்மாவும் கட்டாயம் வரவேண்டும். அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும். அங்கே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

• எக்கோ கடைசியாக எப்போது எடுத்தது, இருதயத்தின் பம்பு எப்படி? காட்டுக்குப் போகுமுன் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேவையா?

• இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோடு இன்னொரு குளிசையும் இன்னும் எடுக்கிறாரா? வேட்டைக்காக அதைத் தானாக நிறுத்தக்கூடாது. எடுப்பவருக்குக் கத்தி வெட்டினால் இரத்தம் நிற்க நேரமாகும். ஆகவே தோலுரிக்கும் வேலை அவருக்கு வேண்டாம்.

• சீனிக்கு இன்சுலினோ, சீனியை அதிகம் இறக்கக்கூடிய குளிசையோ எடுக்கிறாரா? நடக்கும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா?

• நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் அடிக்கும் நைட்ரோ ஸ்பிரே கையில் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா? காட்டில் அதை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டுதான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றி விழுவார். வயக்ரா போன்ற குளிசை எடுப்பவர் இதை அடிக்கக்கூடாது. அதை நீங்கள் கேட்கத் தேவையில்லை, டொக்டர் அவரிடம் தனியே கேட்பார்.

• பாதியில் விட்ட இருதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு மீண்டும் சேர முடியுமா? இன்றைக்குத் தொடங்கினால் ஒக்டோபருக்குள் சில கிழமைகள் கிடைக்கும். "மூஸுக்காகப் பயிற்சி" என்று சொன்னால் இந்த முறை விடமாட்டார் என்பது என் அனுபவம்.

"காட்டிலேயே போனாலும் சந்தோசம்தான்"

இந்த வார்த்தையை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே நின்றுவிட்டேன்.

பெரும்பாலும் அது வயதான மனிதர்கள் சொல்லும் சாதாரண வார்த்தைதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாக விருப்பமில்லை என்ற அர்த்தத்தில். ஆனால் மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பயிற்சியைப் பாதியில் விட்டது, வீட்டில் கதைப்பது குறைந்தது, "இனி எனக்கு இன்னொன்று வராது" என்ற கதை, இவை எல்லாவற்றையும் அந்த வார்த்தையோடு சேர்த்துப் பார்க்கிறேன். நித்திரை கொள்கிறாரா? சாப்பிடுகிறாரா? முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? "அப்பா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று யோசனை வருகிறதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நாங்கள் தமிழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தே பலரை இழந்திருக்கிறோம்.

பதில் உங்களைக் கலங்க வைத்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். கனடா முழுவதும் 9-8-8 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வீட்டில் இருக்கும் துவக்குகள் அப்போது அங்கே இருக்கக்கூடாது. உங்களிடம் லைசன்ஸ் இருப்பதால் சாதாரண வேட்டை ரைபிள்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருக்கலாம். கண் பரிசோதனை முடியும் வரை என்று சொல்லி வாங்கிக்கொண்டால் அதில் பொய்யும் இல்லை.

டேக் அப்பாவின் பெயரில் இருக்கிறது

டேக் அப்பாவின் பெயரில் இருக்கும் வரை, அவர் வீட்டில் நிற்க, நீங்கள் அதை எடுத்துக்கொண்டு சிநேகிதர்களோடு போய்ச் சுட முடியாது. ஒன்ராறியோவில் குழுவாக மூஸ் வேட்டையாடும்போது டேக் வைத்திருப்பவரும் அந்த வேட்டையில் உண்மையாகவே பங்கெடுக்க வேண்டும். மற்றவர்கள் அவரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒருவரோடொருவர் உடனடியாகத் தொடர்புகொள்ளவும் முடிய வேண்டும். ஆகவே அவர் காட்டில் இருந்தாக வேண்டும்.

நான் யோசிக்கும் வழி இதுதான். அப்பா கூப்பிடுபவராக வரட்டும். ஒக்டோபர் தொடக்கத்தில், பெண் மூஸின் குரலில் கூப்பிட்டு ஆண் மூஸை வரவழைக்கும் வித்தை அவரிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கண்ணும் வேண்டாம், தோள் பலமும் வேண்டாம். இத்தனை வருடக் காது வேண்டும், பொறுமை வேண்டும். பட்டுப்போன மரத்தில் சாய்ந்து இருந்துகொண்டே வேட்டையின் பாதி வேலையை அவர் செய்துவிடலாம். சுடுவது நீங்கள். துவக்கு இல்லாவிட்டாலும் அவரும் வேட்டையாடுபவர்தான். ஆகவே லைசன்ஸும் டேக்கும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். செம்மஞ்சள் தொப்பியும், இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் தெரியும் செம்மஞ்சள் உடுப்பும் போட வேண்டும். மூஸ் நேருக்கு நேர் வந்து நிற்கும்போது இருந்த இடத்திலேயே துடிப்பு எகிறும் என்பதும் உண்மைதான். அதற்குத்தான் முன்கூட்டியே பரிசோதனைகள்.

இறைச்சியை வெளியே எடுக்கும் வேலையைப் புறப்படுமுன்பே பிரித்துக்கொள்ளுங்கள். உங்களைத் தவிர உடம்பில் பலமுள்ள இருவர் வேண்டும். தம்பிக்கு "இனி என்ன பயம்" என்ற துணிவு இருக்கிறதுதானே, அவர் சுமக்க வரட்டும். அப்பா ஒரு துண்டையும் தூக்கக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் முதலே பேசிக்கொள்ளுங்கள். மூஸ் விழுந்த பிறகு பேசினால் கேட்கமாட்டார். வாகனம் போகும் பாதையிலிருந்து தூரம் என்றால் சுடாதீர்கள். கண்ணுக்கு முன்னால் பெரிய கொம்போடு நின்றாலும் விட்டுவிடுங்கள்.

வடக்கு ஒன்ராறியோவின் ஹேர்ஸ்ட், கப்பஸ்கேசிங் பக்கக் காடுகளில் பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அதை அப்பாவுக்கும் பாவிக்கப் பழக்குங்கள். நீங்களும் தம்பியும், நின்றுபோன இருதயத்துக்கு நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்யப் பழக்கும் சிபிஆர் வகுப்புக்குப் போங்கள். முகாம் இடத்தின் ஜிபிஎஸ் இலக்கங்களை அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள். அப்படியெல்லாம் செய்தாலும் ஒரு கசப்பான உண்மை மிச்சம் இருக்கிறது. அதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம். சிறு நகர ஆஸ்பத்திரியில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கிடைக்கும். ஆனால் ஸ்டென்ட் வைக்க சட்பரி போன்ற பெரிய இடத்துக்குப் பல மணி நேரம். ஓர்ஞ்ச் ஏர் அம்புலன்ஸ் பறக்க வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். நடுக்காட்டில் இருதயம் நின்றுபோனால் காப்பாற்றுவது மிகக் கடினம். இதைக் கேட்ட பிறகும் "போவோம்" என்று அவர் சொன்னால் அது அறிந்து எடுத்த முடிவு. அம்மாவுக்கும் அது அப்போது கொஞ்சமாவது விளங்கும்.

மருத்துவப் பரிசோதனையில் வேறு ஏதும் வந்தால், அதாவது பம்பு பலவீனம், நடக்கும்போதே மூச்சு வாங்குதல், புதிதாக நெஞ்சு நோவு என்றால், இந்த வருடம் வேட்டை இல்லை. புள்ளிகள் போனால் போகட்டும். டேக்கை நினைத்து அப்பா கோபப்படுவார், உங்களோடு சில மாதம் கதைக்காமலும் இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக இறைச்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள், மச்சாள் கர்ப்பமாக இருப்பதால். மூஸ் இறைச்சி கொழுப்புக் குறைந்தது, அப்பாவின் இருதயத்துக்கு மாட்டிறைச்சியைவிட நல்லது, தேங்காய்ப்பாலை அள்ளி ஊற்றாத வரை. ஈரலும் சிறுநீரகமும் வேண்டாம். அவற்றில் கட்மியம் என்ற உலோகம் சேர்கிறது, உண்ண வேண்டாம் என்று ஒன்ராறியோ அரசே வேட்டைக்காரர்களுக்குச் சொல்கிறது. ஈரல் வறையை அப்பா விடமாட்டார் என்று தெரியும், ஆனாலும் வேண்டாம். ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிய இறைச்சியில் தூரம்வரை பரவும். கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் அது கூடாது. நீங்கள்தானே சுடப்போகிறீர்கள், செப்புக் குண்டுக்கு மாறிவிடுங்கள். முதலில் சுடுதளத்தில் ரைபிளை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளுங்கள், ஈயக் குண்டு படும் அதே இடத்தில் செப்புக் குண்டு படாது.

கண் பரிசோதனைக்கான நேரத்தை இன்றைக்கே எடுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான்.